மைதா பசை வாளியும் ஒரு தட்டு பாஸ்தாவும்

ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு பதிவு. ஆணி அதிகம்னு பொய் சொல்ல மாட்டேன். எழுதச் சோம்பேறித்தனம், அவ்வளவுதான். ஆனா போன வாரம் வந்த கடுப்பு இன்னும் அடங்கலை. இங்க கொட்டலைன்னா ஆபீஸ்ல யார் தலையிலயாவது கொட்டிடுவேன். அதனால பொறுத்துக்குங்க மக்களே.

லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சிவகாசி. அக்கா மகளுக்காக அடுப்பு முன்னாடி முக்கால் மணி நேரம் நின்னு, காய்கறி போட்டு ஒரு பாஸ்தா சாஸ் வச்சேன். க்ளூட்டன் இல்லாத சாஸ், க்ளூட்டன் இல்லாத பாஸ்தா. நல்லா வந்துருச்சேங்கற பெருமையில படம் புடிச்சு குடும்ப வாட்ஸப் குழுவுல போட்டுத் தொலைச்சேன். சனி அங்கதான் உக்காந்திருந்துச்சு.

அரை மணி நேரத்துல ரெண்டு கோஷ்டி உருவாயிடுச்சு. முதல் கோஷ்டி: "எங்க காலத்துல க்ளூட்டனாவது மண்ணாவது. பெங்களூரு போய் பொட்டி தட்டுனா இப்படித்தான் புதுசு புதுசா வியாதி கண்டுபிடிப்பாய்ங்க." ரெண்டாவது கோஷ்டி: "நம்ம முன்னோர்கள் ஒண்ணும் முட்டாள்கள் இல்ல தம்பி. நம்ம சாப்பாடே க்ளூட்டன் ஃப்ரீதான். இடியாப்பம் இருக்க, இத்தாலிக்காரன் சாப்பாடு எதுக்கு?"

சித்தப்பா ஒருத்தர் ரெண்டு கோஷ்டிக்கும் மாறி மாறி கட்டை விரலைத் தூக்கிக் காட்டிக்கிட்டு இருந்தார். அவரை விட்டுருவோம்.

இந்த ரெண்டு கோஷ்டிக்கும்தான் இந்தப் பதிவு. ஏன்னா ரெண்டு பேச்சுமே ஒரு பொண்ணோட குடலைக் கெடுக்கற பேச்சு. அதுல ரெண்டாவது பேச்சை இதே வாயால நானும் பேசியிருக்கேன். அதை அப்புறம் சொல்றேன்.

முதல்ல கதை

அக்கா மகளுக்கு ஒன்பது வயசு. ஆறு வயசு வரைக்கும் நல்லாத்தான் இருந்தா. அப்புறம் வளர்த்தி நின்னு போச்சு. கூடப் படிக்கற பிள்ளைங்க தோள் உயரத்துக்கு இவ தலை. வயிறு மட்டும் உப்பிக்கிட்டு இருக்கும். ரத்தம் கம்மின்னு இரும்புச்சத்து டானிக் கொடுத்தாங்க. பாட்டில் பாட்டிலா உள்ள போச்சு, ரத்தம் ஏறலை. பூச்சி மருந்து கொடுத்தாச்சு. ஆச்சி சுத்திப் போட்டு, மிளகாய் வத்தலை அடுப்புல போட்டு, கமறல் வரலைன்னு கண்திருஷ்டியை உறுதி பண்ணியாச்சு. ரெண்டு வருஷம் இப்படியே ஓடிச்சு. கடைசியா மதுரையில ஒரு டாக்டர்தான் ரத்தத்துல ஒரு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். அப்புறம் குழாய் விட்டுப் பார்த்து சிறுகுடல்ல இருந்து துளி சதை எடுத்துச் சோதிச்சாங்க. சீலியாக் நோய்.

இது அலர்ஜி இல்லை. கோதுமை, பார்லி, ரை இந்த மூணுலயும் இருக்கற க்ளூட்டன்ங்கற புரதம் உள்ள போனா, உடம்போட காவல்படை தன்னோட சிறுகுடலையே தாக்க ஆரம்பிச்சிடும். குடல் உள்சுவர்ல சத்தை உறிஞ்சறதுக்குன்னு விரல் விரலா நிக்கிற சமாச்சாரம் எல்லாம் மழுங்கிப் போயிடும். அப்புறம் டானிக்கை அண்டாவுல கரைச்சு ஊத்தினாலும் இரும்புச்சத்து எங்க ஒட்டும்? மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. க்ளூட்டனை வாழ்நாள் முழுக்க நிறுத்தறதுதான் வைத்தியம். நிறுத்திட்டா குடல் தானா ஆறிடும். நல்ல சேதி அது ஒண்ணுதான்.

எங்க ஊருக்குத் தெரியாத க்ளூட்டனா?

"க்ளூட்டன்னா என்னடா?"ன்னு ஆச்சி கேட்டாங்க. புரதம் அது இதுன்னு ஆரம்பிச்சேன். அவங்க முகத்துல ஈ ஆடலை. அப்புறம்தான் உறைச்சுது. அட, இதை உலகத்துலயே சுலபமாப் புரிய வைக்கக்கூடிய ஊரு எங்க ஊருதானே!

க்ளூட்டன்ங்கறது லத்தீன் வார்த்தை. அர்த்தம், பசை.

எங்க ஆச்சி முப்பது வருஷம் வீட்டுல உக்காந்து தீப்பெட்டி ஒட்டினவங்க. மைதாவைத் தண்ணியில கரைச்சு, பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் போட்டு, கொழகொழன்னு காய்ச்சி வாளியில வச்சிருப்பாங்க. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தா அந்த வாளிப் பக்கம் போகக் கூடாது, துத்தம் விஷம். பசையில ஒட்டறதுக்கு மாவுச்சத்தும் காரணம்தான். ஆனா மைதாவை மட்டும் உருட்டி, தண்ணிக்குள்ள வச்சுப் பிசைஞ்சுக்கிட்டே இருங்க. மாவுச்சத்து பாலாட்டம் கரைஞ்சு போயிடும். கையில ரப்பர் மாதிரி ஒண்ணு மிஞ்சும். அதுதான் க்ளூட்டன். புரோட்டா மாஸ்டர் மாவை வீசினா கிழியாம துணி மாதிரி விரியுதே, அந்த ஜவ்வு இதுதான்.

சொன்னதும் ஆச்சி கேட்ட கேள்வி: "அப்ப ரவையிலயும் பசை இருக்கா?"

இருக்கு. ரவைன்னா உடைச்ச கோதுமை. சேமியாவும் பெரும்பாலும் கோதுமைதான். இது தெரியாமத்தான் காய்ச்சக்காரங்களுக்கு ரவைக் கஞ்சி கொடுக்கற நாடு இது. ஆச்சிக்கு அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சது, பட்டம் வாங்குன எங்க மாமா பசங்களுக்கு இன்னும் புரியலை.

முதல் கோஷ்டிக்கு: இது ஃபேஷன் வியாதியா?

இரண்டாம் உலகப்போரின் கடைசியில, 1944-45 குளிர்காலத்துல, நெதர்லாந்துல கொடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கலை. ஊரே வாடின நேரத்துல சில குழந்தைங்க மட்டும் தேறினாங்க. ரொட்டி திரும்ப வந்ததும் அவங்களுக்கு நோயும் திரும்ப வந்துச்சு. வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்கு கோதுமை மேல ஏற்கனவே சந்தேகம் இருந்தது. இதுல அது உறுதியாச்சு. 1950-ல் அதை ஆய்வேடா எழுதினார். பஞ்சத்துல காரணம் உறுதியான வியாதிக்குத்தான் நம்மாளு பணக்கார வியாதின்னு பேர் வைக்கறார்.

"சரி, நமக்கு வராதே?" அதுக்கும் கணக்கு இருக்கு. நம்ம நாட்டுல வடக்கு, வடகிழக்கு, தெற்குன்னு பிரிச்சு எடுத்த ஒரு பெரிய ஆய்வு 2016-ல் வெளிவந்துச்சு. இந்த நோயைக் காட்டற எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதம் பேருக்கு, தெற்கே 0.10 சதவீதம் பேருக்கு. பாத்தீங்களா கம்மிதானேன்னு குதிக்காதீங்க, அடுத்த வரியைப் படிங்க. இந்த நோய்க்கு இடம் கொடுக்கற மரபணு வடக்கே இருக்கற அளவுக்கு தெற்கேயும் இருக்கு, ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு. பெரிய வித்தியாசம் தட்டுலதான். அங்க ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சாப்பிட்ட கோதுமை சராசரி 455 கிராம். இங்க 25 கிராம்.

அதாவது, நமக்கு வராதுன்னு எந்தச் சாமியும் வரம் கொடுக்கலை. நாம கோதுமையை அவ்வளவா தின்னலை, அவ்வளவுதான். அமெரிக்காவோட பி.எல். 480 சட்டம் 1954-ல் வந்து கப்பல் கப்பலா கோதுமை இறங்குன காலம் முடிஞ்சு போச்சு. ஆனா இன்னிக்கு காலையில ரவா உப்புமா, பத்து மணிக்கு பிஸ்கட், சாயங்காலம் பப்ஸ், ராத்திரி புரோட்டா. விருதுநகர்ல புரோட்டாவை எண்ணெயில முக்கிப் பொரிச்சு எடுப்பாங்க. அதைத் திங்கறதுக்குன்னே மதுரையில இருந்து வண்டி கட்டிட்டு வர்ற ஆளுங்க உண்டு. நானும் திம்பேன். யாரும் திங்காதீங்கன்னு சொல்ல வரலை. எங்க காலத்துல இல்லைன்னு சொல்றவங்க, அவங்க காலத்துல இவ்வளவு மைதாவும் இல்லைங்கறதை மறந்துடறாங்க. வளராம, ரத்தமில்லாம, காரணம் தெரியாமப் போன பிள்ளைங்க அவங்க காலத்துலயும் இருந்தாங்க. அதுக்குப் பேர்தான் வேற, கண்திருஷ்டி.

இன்னொரு பக்கம், உடம்பு இளைக்கணும்னு க்ளூட்டன் ஃப்ரீ திங்கற ஆளுங்க. ஐயா, க்ளூட்டனுக்கும் தொப்பைக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. உங்களால ஒரு நன்மை, கடையில க்ளூட்டன் இல்லாத பாஸ்தா கிடைக்குது. ஒரு தீமை, ஹோட்டல்ல எங்க அக்கா "இதுல கோதுமை இருக்கா?"ன்னு கேட்டா, சர்வர் "அட, டயட்டா மேடம்"னு சிரிச்சிட்டு "இல்ல, இல்ல"ன்னு தலையாட்டிட்டுப் போயிடறார்.

ரெண்டாவது கோஷ்டிக்கு: நானும் உங்க ஆளுதான்

டாக்டர் சொன்ன அன்னிக்கு ராத்திரி போன்ல அக்கா அழுதா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏன்க்கா அழற? பஞ்சாப்ல பொறந்திருந்தாத்தான் கஷ்டம். நம்ம ஊர் சாப்பாடு என்ன? இட்லி, தோசை, சாம்பார், சோறு. சப்பாத்தி, புரோட்டா, ரவை, பிஸ்கட்டை நிறுத்திட்டா முடிஞ்சது. ஆயிரம் வருஷப் பாரம்பரியம்க்கா"ன்னு பத்து நிமிஷம் லெக்சர்.

ஆறு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுத்தாங்க. இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கலை. "வீட்டுல என்னம்மா கொடுக்கறீங்க?"ன்னு உணவியல் நிபுணர் ஒருத்தங்க அக்காவை உக்கார வச்சு, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஒவ்வொண்ணா எழுத வச்சாங்க. அங்கதான் வண்டவாளம் தண்டவாளம் ஏறிச்சு.

முதல் ஆசாமி, பெருங்காயம். கடையில டப்பாவுல வர்றது கூட்டுப் பெருங்காயம். அசல் பெருங்காயப் பிசின் அதுல கொஞ்சம்தான். மீதி கருவேலம் பிசினும் மாவும். பல டப்பாவுல அந்த மாவு கோதுமை மாவு, இல்லைன்னா மைதா. டப்பாவைத் திருப்பிப் பாருங்க, பொடி எழுத்துல போட்டிருக்கும். சாம்பார்ல பெருங்காயம், ரசத்துல பெருங்காயம், இட்லிப் பொடியில, ஊறுகாயில, மோர்ல பெருங்காயம். கிள்ளுக் கிள்ளா மூணு வேளையும் மைதா.

நம்ம பாஷையில சொன்னா, சாம்பார்னு ஒரு புரோகிராம். அதுக்குள்ள பெருங்காயம்னு ஒரு லைப்ரரி. அந்த லைப்ரரிக்குள்ள மைதான்னு இன்னொரு லைப்ரரி. நாம எழுதின கோடுல பிழை இல்லைன்னு நாம மாரைத் தட்டிக்கறோம். பிழை எங்கயோ மூணாவது அடுக்குல உக்காந்து சிரிக்குது.

ரெண்டாவது ஆசாமி, மாவு மில்லு. கேழ்வரகு, கம்பு, பச்சரிசி எல்லாம் பாரம்பரியம்தான். ஆனா அதை அரைக்கற மிஷின்ல நமக்கு முன்னாடி ஒருத்தர் கோதுமை அரைச்சிட்டுப் போயிருப்பார். அந்த மிச்சம் முதல்ல விழறது நம்ம தூக்குவாளியிலதான். மூணாவது, வீட்டுச் சல்லடை. சப்பாத்தி மாவு சலிச்ச அதே சல்லடையில இடியாப்ப மாவு. ஹோட்டலுக்குப் போனா நாலாவதும் உண்டு: புரோட்டா சுட்ட கல்லுலயே தோசை.

ஒரு கிலோ உணவுல 20 மில்லிகிராமுக்கு மேல க்ளூட்டன் இருந்தா அதுக்கு க்ளூட்டன் ஃப்ரீன்னு பேர் போடக் கூடாதுன்னு நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி சொல்லுது. உலக அளவுகோலும் அதேதான். கிலோவுக்கு 20 மில்லிகிராம்! இதுல எங்க ஊரு பாரம்பரியச் சல்லடை பாஸாகுமா?

எங்க கரிசல் மண்ணுல பெருமைப்பட நிஜமாவே விஷயம் இருக்கு. மானாவாரியில விளையற குதிரைவாலி, கம்பு, சோளம் மூணுலயும் க்ளூட்டன் கிடையாது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பாலும் சர்க்கரையும்தான். பக்கத்துல கோவில்பட்டி கடலைமிட்டாய், கடலையும் வெல்லமும். சாத்தூர் சேவு, கடலை மாவு. எல்லாம் அவ சாப்பிடலாம், கலப்படம் இல்லாம, வேற மாவு பொரிச்ச எண்ணெயில பொரிக்காம இருந்தா. அந்த 'இருந்தா'வுலதான் ஒரு பொண்ணோட வளர்த்தி தொங்கிட்டு இருக்கு. அதே தெக்கத்திச் சீமையிலதான் திருநெல்வேலி அல்வாவும் இருக்கு. அது சம்பா கோதுமைப் பால். "நம்ம ஊரு பண்டம்தானே, ஒரு வாய் குடும்மா"ன்னு கல்யாண வீட்டுல எத்தனை அத்தைமார் ஊட்ட வந்தாங்கன்னு எண்ணிப் பார்த்தா அழுகையா வருது.

2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டுன்னு கொண்டாடினோம். அந்த ஜோருல வந்த சிறுதானிய நூடுல்ஸ், சிறுதானிய பிஸ்கட் பாக்கெட்டுகளைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. எடையில எது அதிகமோ அதைத்தான் முதல்ல போடணும்ங்கறது விதி. முன்பக்கம் கம்புக் கதிர் படம், பின்பக்கம் பட்டியல்ல முதல் பேரு கோதுமை மாவு. இப்படி எத்தனையோ பாக்கெட்டை அக்கா கடையிலயே திரும்ப வச்சிட்டு வந்திருக்கா.

"இடியாப்பம் இருக்கே, பாஸ்தா எதுக்கு?"

இருக்கறதுலயே அதிகக் கடுப்பு இந்தக் கேள்விக்குத்தான்.

பள்ளிக்கூடத்துல மதியம் வட்டமா உக்காந்து சாப்பிடுவாங்க. ஒருத்தி டப்பாவுல இருந்து இன்னொருத்தி எடுப்பா. இவ டப்பாவை மட்டும் தனியா வச்சுக்கணும், யார்கிட்டயும் எதுவும் வாங்கக் கூடாது. முதல்ல கூட உக்காந்தா. அப்புறம் வேண்டாம்னு சொல்லிச் சொல்லி அலுத்துப் போய், தூண் ஓரமா தனியா உக்கார ஆரம்பிச்சிட்டா. இது எங்களுக்குத் தெரிய ரெண்டு மாசம் ஆச்சு. தோழி ஒருத்தி பிறந்தநாளுக்கு எல்லாரும் சிவப்புச் சாஸ் போட்ட பாஸ்தா சாப்பிட்டப்ப இவ வாழைப்பழம் உரிச்சுக்கிட்டு இருந்திருக்கா. அன்னிக்கு ராத்திரி கேட்டா: "மாமா, அது எப்படி இருக்கும்?"

இதுக்கு "இடியாப்பம் சாப்பிடும்மா, அதுதான் நம்ம பண்பாடு"ன்னு பதில் சொல்ல எவனுக்கு மனசு வரும்?

விருதுநகர்ல 1903-ல் பிறந்த காமராஜர், 1950-கள்ல பள்ளிக்கூடத்துல மதியச் சோறு போட வச்சார். சத்துக்காக மட்டும் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில உக்காந்து ஒரே சாப்பாடு சாப்பிட்டாங்க. அந்த மாவட்டத்துல பொறந்துட்டு, ஒருத்தி தூணோரம் உக்கார்றதை நாம ஃபேஷன்னும் பண்பாடுன்னும் பேசியே கடந்து போறோம். 2022-ல் அரசுப் பள்ளியில காலை உணவுத் திட்டம் தொடங்கினப்ப வந்த பட்டியலைப் பாருங்க: ரவா உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவை உப்புமா, ரவா கிச்சடி. நல்ல திட்டம், லட்சக்கணக்கான பிள்ளைங்க வயிறு நிறையுது. அதுல அரிசி உப்புமாவும் பொங்கலும் உண்டு. அந்த வரிசையில இந்த நோயோட ஒரு பிள்ளை உக்காந்திருந்தா, அதுக்கு எந்தெந்த நாள் தட்டைத் தொடக் கூடாதுன்னு அங்க யாருக்காவது தெரியணும். அந்தத் தெரிதல் வரணும்னா முதல்ல நாம நக்கலை நிறுத்தணும்.

தாய்மாமன் சீருன்னு தட்டுத் தட்டா வைக்கறோமே, என் சீருல ஒரு தட்டு பாஸ்தா. அவ்வளவுதான் விஷயம்.

சரி, சாஸுக்கு வருவோம்

வெளிய கிடைக்கற சாஸ் எதையும் நான் நம்பலை. கெட்டியா வர்றதுக்கு மைதா கலக்கறது சமையல்ல ரொம்ப சகஜம். வெள்ளைச் சாஸுக்கு அஸ்திவாரமே வெண்ணெயில வறுத்த மைதா. சோயா சாஸ்ல கோதுமை உண்டு. மால்ட்னு போட்டிருந்தா பெரும்பாலும் பார்லி. அதனால அடுப்புலயே வச்சேன். கெட்டிக்கு மைதா இல்லை, மஞ்சள் பரங்கிக்காய்.

நாலு பேருக்கு: நாட்டுத் தக்காளி முக்கால் கிலோ, பரங்கிக்காய் 200 கிராம், கேரட் 1, குடைமிளகாய் 1, சின்ன வெங்காயம் 15, பூண்டு 6 பல், விதை நீக்கின மிளகாய் வத்தல் 2, கடலை எண்ணெய் 3 மேசைக்கரண்டி, உப்பு, துளி வெல்லம். பெருங்காயம்? பேச்சே கிடையாது.

தக்காளி அடியில கூட்டல் குறி மாதிரி கீறி, கொதிக்கிற தண்ணியில ஒரு நிமிஷம் போட்டு எடுத்தா தோல் சட்டை கழட்டற மாதிரி வந்துடும். அடிகனமான எவர்சில்வர் பாத்திரம் வைங்க. புளிப்பு, வெறும் அலுமினியத்தை அரிக்கும். எண்ணெயில வெங்காயத்தைப் பொடியா நறுக்கிப் போட்டு, சிறுதீயில பத்து நிமிஷம். சிவக்கக் கூடாது, இனிக்கணும். நான் தீயைக் கூட்டப் போனேன். ஆச்சி கையைத் தட்டி விட்டாங்க. "இந்த ஊர்ல பொறந்துட்டு தீயோட அவசரப்படாதடா." சரிதானே.

அப்புறம் பூண்டும் வத்தலும். பூண்டை முதல்லயே போட்டா கருகிக் கசக்கும். வாசம் வந்ததும் பொடியா நறுக்கின கேரட்டும் பரங்கியும், அஞ்சு நிமிஷம். பிறகு தக்காளி, உப்பு. மூடி போட்டு பதினஞ்சு நிமிஷம். பரங்கி மசியற பதம் வந்ததும் பாதியை எடுத்து, நல்லா ஆறவிட்டு மிக்சியில அரைங்க. சூடா அரைச்சா ஆவி மூடியைத் தூக்கி அடிக்கும், சுவரெல்லாம் தீபாவளி. அரைச்சதைத் திரும்ப ஊத்தி, குடைமிளகாயும் வெல்லமும் போட்டு, மூடியில்லாம பத்து நிமிஷம். கரண்டியின் முதுகுல விரலால கோடு போட்டா அந்தக் கோடு நிக்கணும். நின்னா கெட்டி சரி. ஒரு சிட்டிகை மைதா தேவைப்படலை பாத்தீங்களா?

இத்தாலி வாசத்துக்கு எங்க போறதுன்னு கேட்பீங்க. பேசில்னு விலை வச்சு விக்கறாங்களே, அதுக்கு நம்ம ஊர்ல திருநீற்றுப்பச்சிலைன்னு பேரு. ஃபலூடாவுல போடற சப்ஜா அந்தச் செடியோட விதைதான். பூக்காரம்மா கதம்பத்துல வச்சுக் கட்டற மரு, ஆரிகனோவுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. பூக்கடையில வாங்கிச் சமையல்ல போடாதீங்க, மருந்து அடிச்சிருப்பாங்க. எங்க வீட்டு மாடியில ரெண்டும் தொட்டியில நிக்குது. இறக்கறப்ப கிள்ளிப் போட்டேன். பாரம்பரியக் கோஷ்டி இதையாவது பெருமையா ஃபார்வர்டு பண்ணலாம் :-)

பாஸ்தா, அரிசியில செஞ்சது 300 கிராம். க்ளூட்டன் இல்லாததால அதுக்கு முதுகெலும்பு கிடையாது. கொஞ்சம் அசந்தா கூழ். மூணு லிட்டர் தண்ணி, உப்பு, முதல் ரெண்டு நிமிஷம் கிளறிக்கிட்டே இருக்கணும், பாக்கெட்ல போட்ட நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே இறக்கணும். வடிச்ச தண்ணியில ஒரு கரண்டி சாஸுல ஊத்தினா ரெண்டும் சேர்ந்து ஒட்டும். வடிகட்டற தட்டு அவளுக்குன்னு தனியா வாங்கினது. கரண்டியும் தனி. அக்கா அதுல சிவப்பு நூல் கட்டி வச்சிருக்கா, வேற யாரும் எடுத்துடக் கூடாதுன்னு.

கடைசியா மூணு விஷயம்

ஒண்ணு. உங்க வீட்டுல ஒரு பிள்ளைக்கு டானிக் கொடுத்தும் ரத்தம் ஏறலை, வளர்த்தி இல்லைன்னா, டாக்டர்கிட்ட சீலியாக்கான்னு கேளுங்க. முக்கியம்: டெஸ்ட் எடுக்கறதுக்கு முன்னாடி நீங்களா கோதுமையை நிறுத்திடாதீங்க. நிறுத்திட்டு எடுத்தா நோய் இருந்தும் இல்லைன்னு காட்டலாம்.

ரெண்டு. அந்த நோய் இருக்கற பிள்ளைக்கு ஏதாவது கொடுக்கறதுக்கு முன்னாடி, பாரம்பரியத்தைப் பாக்காதீங்க, டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்க. தெரியலைன்னா "தெரியலை"ன்னு சொல்லுங்க. அதைவிட நல்ல பாசம் எதுவும் கிடையாது.

மூணு. "ஒரு வாய்தானே, ஒண்ணும் ஆகாது"ன்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க. ஆகும்.

சாஸ் எப்படி இருந்துச்சுன்னு சொல்லலையே. முதல் வாய் சாப்பிட்டுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "உப்பு கம்மி மாமா"ன்னா. ரெண்டாவது தட்டு வாங்கினா. திங்கக்கிழமை டப்பாவுல கேட்டா, நிறைய வைக்கச் சொன்னா. எதுக்குடின்னு அக்கா கேட்டதுக்கு, "நான் அவங்ககிட்ட வாங்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க. கொடுக்கலாம்ல?"

வட்டத்துக்குள்ள போய் உக்காந்தாளாம். டப்பா காலியா வந்துச்சு.

டிஸ்கி: பின்னூட்டத்துல வந்து "இதெல்லாம் கார்ப்பரேட் சதி"ன்னு கும்மறவங்க, முதல்ல வீட்டுக்குள்ள போய் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படிச்சிட்டு வரவும். சதி அங்கதான் பொடி எழுத்துல இருக்கு.